பத்மா அன்ரிக்குச் செய்த சட்டம்

ஒக்டோபர் 8, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். பின்னேரம் இடியோடு மழை. குடையை கொலிஜில் மறந்தாயிற்று.

டிசைன் மூன்றாம் வருடம், ‘முதியோருக்கான பொருள்’. பதிந்தது ஆறு பேர், வந்தது நாலு, முழித்திருந்தது ரெண்டு. ஐடியாக்கள்:

– கதைக்கும் மருந்துப் பெட்டி
– கதைக்கும் கைத்தடி
– கதைக்கும் செருப்பு (கவின்)

வயது போனவர்களோடு கதைக்க ஆளில்லை, ஆகவே சாமான்களாவது கதைக்கட்டும் என்று விட்டார்கள் போல. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ரிஸ்னா மட்டும்: “மிஸ், நாங்க ஒருத்தர்ட்டயும் போய்க் கேக்கவே இல்லயே.”

எங்கள் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி பத்மா அன்ரியிடம் கூட்டிப் போகலாம். தனி ஆள். மகன் கனடா. போன ஆனியில் பாத்ரூமில் விழுந்தவ. இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பு தாங்காது என்று டொக்டர் சொன்னார். கூடப் போனது நான்தான்.

வாங்க வேண்டியது: பாண், பல்ப், இன்னொரு குடை.

ஒக்டோபர் 10, வெள்ளி

அன்ரி வீடு. ரீ, பிஸ்கட், திரும்பவும் ரீ. எதைக் கேட்டாலும், “எனக்கொரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளையள்.” கவின் அதை அப்படியே எழுதினான்: பிரச்சினை இல்லை. தலையில் ஒரு குட்டுப் போடலாம் போல இருந்தது.

ரிஸ்னாதான் பாத்ரூமைக் காட்டச் சொன்னாள். கொமட்டிலிருந்து எப்படி எழும்புவது? அன்ரி வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் செய்து காட்டினா. ஒரு கை தண்ணி வாளியின் விளிம்பில், மற்றது குழாயில். மூன்று தரம் முயற்சி. மூன்றாவதில் எழும்பி, போட்டியில் வென்ற மாதிரிச் சிரித்தா.

லிஃப்டில் கவின் தான் எழுதியதை வெட்டினான்.

முடிவு: கொமட்டைச் சுற்றி நிற்க ஒரு இரும்புச் சட்டம். இரண்டு பக்கமும் பிடி. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. கதைக்காது.

ஒக்டோபர் 15, புதன்

தெமட்டகொடையில் ஒரு பட்டறையில் வெல்டிங். வெயில், தலையிடி. சட்டத்தின் இரும்புக் குழாயைக் கவின் தன் கையாலேயே தேய்த்தான், விரலெல்லாம் கொப்புளம். முதல் தரமாக அவனைப் பிடித்தது. நான் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. எத்தனை கிலோ என்று ரிஸ்னா குறிக்கப் பார்த்தாள், விடவில்லை.

கொலிஜ் டிரெக்டர்: “சும்மா கொண்டுபோய்க் குடுக்காம, ஒரு சின்ன ஃபங்ஷனாச் செய்வம் மிஸ். ஃபேஸ்புக்கில போடலாம்.”

அடுத்த வருடம் இந்தப் பாடத்தை நிறுத்துகிற யோசனை அவருக்கு. படம் நன்றாக வந்தால் மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டேன். ஓம் என்றேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

கையளிப்பு, அன்ரி வீட்டிலேயே. சிவப்பு ரிபன், ரோல்ஸ், கேக். அன்ரி பட்டுச் சேலையில். டிரெக்டரின் பேச்சு முடியவே இல்லை. படம் எடுக்கிற நேரம் அன்ரிக்குக் கண் கலங்கியது.

“எனக்கு ஒருத்தரும் இப்பிடி ஒண்டும் தந்ததில்லை.”

நானும் அழுதேன், மடச்சி மாதிரி. கவினும் ரிஸ்னாவும் சட்டத்தைப் பாத்ரூமில் பொருத்திவிட்டுத்தான் வந்தார்கள். இருவருக்கும் ஏ கிரேட்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மழை விடவேயில்லை. தீபாவளிப் பலகாரம் கொடுக்க அன்ரியிடம் போனேன். பாத்ரூமில் வாளி மட்டும். சட்டம் அறைக்குள், அலுமாரிக்குப் பக்கத்தில். மேலே பொலித்தீன், அதற்கு மேலே அதே ரிபன்.

“ஏன் அன்ரி?”

“தண்ணி பட்டாத் துருப்பிடிச்சிடும் பிள்ளை. வாச்மனைக் கொண்டு எடுப்பிச்சனான். மகன் மார்கழியில வாறான். அவன் பாக்கட்டும் முதல்.”

திரும்பப் பொருத்தித் தரவா என்றேன். கெஞ்சியும் பார்த்தேன். “ஐயோ, வேண்டாம். பிள்ளையள் ஆசையாச் செய்து தந்தது.”

என் பிழை. பரிசாக வந்ததை நாங்கள் எங்கே பாவித்தோம்? என் கல்யாணத்துக்கு வந்த கோப்பைகள் இன்னும் பெட்டியில். ரிமோட்டுக்கே பொலித்தீன் போடுகிற சனம். ஒரு பழைய சாக்கில் சுற்றி, “ஆரோ வேண்டாமெண்டு விட்டது அன்ரி” என்று கொடுத்திருந்தால் அன்றைக்கே பிடித்து எழும்பியிருப்பா. பன்னிரண்டு வருடம் படிப்பிக்கிறேன். ரிபன் கட்டினேன்.

கவினுக்கு மெசேஜ்: இன்னொன்று செய். அசிங்கமாக. பெயின்ட் உரிந்த மாதிரி.

அவன்: “மிஸ், சீரியஸாவா?”

ஒக்டோபர் 24, வெள்ளி

அசிங்கமான சட்டம் திங்கள் கிடைக்குமாம்.

ஆறரைக்கு வாச்மன் போன். அன்ரி விழுந்துவிட்டா. வாளியோடு சரிந்திருக்கிறா.

ஹொஸ்பிட்டல். இடுப்பு. ஒபரேஷனை இருதயம் தாங்காது என்கிறார்கள். மகனுக்கு அடுத்த கிழமைதான் ரிக்கட். இனிக் கட்டிலோடுதான் என்று நேர்ஸ் எனக்கு மட்டும் சொன்னா.

வார்ட் வாசலில் டிரெக்டரின் மெசேஜ்: படத்துக்கு நல்ல வரவேற்பாம். பாடம் அடுத்த வருடமும் உண்டு, வாழ்த்துகள். போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்ரி கண் திறந்து என் கையைத் தேடிப் பிடித்தா. நான் அழுவதைப் பார்த்து என்ன நினைத்தாவோ.

“பயப்பிடாதையுங்கோ பிள்ளை. உங்கட சாமானில ஒரு கீறலும் விழேல்லை.”