புரூல் விரித்த கம்பள விரிப்பு

அன்பு மகள் மீரிமுக்கு நாரின் ஊரிலிருந்து அம்மா எழுதுவது. கடவுள் தயவில் நாங்களும் ஆடு மாடுகளும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் பேரனும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? அன்று உன் சித்தி வீட்டில் நடந்த பெண் கேட்கும் விருந்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்: நான், உன் அப்பா தோக்தோசுன், உன் தங்கை துர்துகான், உன் சித்தி புரூல், அவள் மகள் பெகாய், பெகாயைப் பெண் கேட்டு வந்த அனார்கான். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று தப்பிக்கக் கூடாது பார்.

முந்தின நாள் புரூல் வந்து, அக்கா, வர்றவங்க உட்கார ஒரு விரிப்பு குடுங்க, எங்க வீட்டுது பூச்சி அரிச்சுக் கிடக்கு என்றாள். துர்துகான் குளிர்காலம் முழுக்கத் தைத்த சிவப்பு விரிப்பைக் கொடுத்தேன். விருந்தன்று அனார்கான் அதைத் தடவிப் பார்த்து, இது யாரு கைவேலை என்று கேட்க, புரூல் பெகாயின் விரல்களைப் பிடித்து நீவிக்கொண்டே, எங்க வீட்டுப் பொண்ணு கைதான் என்றாள். அதில் பொய் எங்கே இருக்கிறது, துர்துகானும் எங்கள் வீட்டுப் பெண்தானே! பொய் சொல்லாமலே பொய்யை நம்பவைத்து ஒருத்தர் சம்மதத்தை வாங்குவதற்குத் தவறாகக் காட்டுதல் என்று பெயர் என்று உன் வக்கீல் ஆபீஸ் கதை சொன்னாயே, அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது மேலே நல்ல ஆப்பிளாக அடுக்கி விற்கிறவனையும் அதைச் சொல்லித்தான் திட்டுகிறேன், மிரண்டு போகிறான்.

சிவப்புக் கம்பளியையும் நீலக் கம்பளியையும் சேர்த்துவைத்து ஒரே கத்தியில் வெட்டி, சிவப்பில் நீலப் பூவும் நீலத்தில் சிவப்புப் பூவுமாக மாற்றிப் பதித்து இரட்டை விரிப்பாகத்தானே தைப்போம்? புரூல் அதை மறந்துவிட்டாள். அனார்கான் மறக்கவில்லை, அப்ப இதோட ஜோடியையும் சீரோட அனுப்பிடுங்க என்றாள். அந்த நீலம் துர்துகானின் சீருக்கென்று என் பெட்டியில் இருப்பது. புரூல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், துர்துகானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெகாய் எழுந்து, எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது, இது துர்துகான் அக்கா செஞ்சது, எனக்குக் குதிரைப் பால் கறக்கத் தெரியும், உதைக்கிற குதிரையைக்கூடக் கறப்பேன் என்று போட்டு உடைத்தாள். புரூல் முகம் வெந்த ஈரல் மாதிரி ஆயிற்று. அனார்கானோ குலுங்கிச் சிரித்து, விரிப்பு சந்தையில கிடைக்கும்டி, எங்க குதிரைங்ககிட்ட உதை வாங்கத்தான் ஆள் கிடைக்கல என்று அங்கேயே அவள் காதில் தோட்டைப் போட்டு நிச்சயம் பண்ணிவிட்டாள். நீலம் என் பெட்டியை விட்டு அசையவில்லை.

பேரனைக் குல்லா இல்லாமல் வெளியே விடாதே, நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும், கோடையில் கட்டாயம் வா. புரூலும் பெற்றவள்தானே, அவளை மன்னித்துவிட்டேன். ஆனால் அவள் எங்க வீட்டுப் பொண்ணு கைதான் என்றபோது, எல்லாம் தெரிந்தும் ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டே, ஆமாமா, தங்கமான கை என்று பெகாயைப் பார்த்துத் தலையாட்டிய ஒருவரை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

முத்தங்களுடன் உன் அம்மா சைரகுல்.

அந்த ஒருவர், உன் அப்பா தோக்தோசுன்.