நிறுத்துகிற இடத்தில் அப்பா

செப்டம்பர் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம், ஏனென்றால் அவளுக்குத் திட்டுவதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

போட்டி முடியும்வரை போன் கூடாது, கடிதம் எழுதுங்கள், கடிதத்தில் கத்த முடியாது என்று நீ உத்தரவு போட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய மிக நீளமான வாசகம் 'வண்டி பழுது, பிள்ளைகளை நீங்களே கொண்டுபோய் விடவும்' என்பதுதான். பிழை இருந்தால் கண்ணாடி போடாமல் படி. ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், அப்பாவுக்காக ஒரு நாள் கழற்றி வைக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உன் போட்டியில் உதவி செய்ய ஆள் வேண்டும் என்று ஏரிக்கரையில் பலகை வைத்திருந்தார்கள். போய்ப் பெயர் கொடுத்தேன். தண்ணீர்க் கோப்பை நீட்டச் சொல்வார்கள், நீ ஓடிவரும்போது உன் கையில் ஒன்று கொடுக்கலாம் என்று கணக்கு. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மணி, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். "ஸ்கூல் பஸ் ஓட்டறேங்க." "அப்ப நேரத்துல கறாரா இருப்பீங்க!" என்று சந்தோஷப்பட்டுவிட்டார். நான் என்ன செய்ய, தலையை ஆட்டிவிட்டேன். பிள்ளைகள் என் பஸ்ஸுக்கு 'நிக்கிற வண்டி' என்று பெயர் வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கொடுத்த இடம், சைக்கிள் முடிகிற இடம். மாலை ஐந்தரைக்குள் வருகிறவர்கள் சைக்கிளை விட்டுவிட்டு ஓடப் போகலாம். அதற்குப் பிறகு வருகிறவர்களை நிறுத்தி, கணுக்காலில் கட்டியிருக்கிற, நேரம் கணக்கெடுக்கிற அந்தப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு அவர்கள் போட்டி முடிந்தது.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கரண்டியை வைத்தாள்.

"உங்க பொண்ணு போன தடவ எதுல லேட்டானா?"

"சைக்கிள்ல."

"அப்புறம்?"

அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. என்ன செய்யட்டும், எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் எப்படி?

திருதிரு என்று முழிக்கும்,
அப்பா

&nbsp;

செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

வேறு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாழைப்பழம் உரித்துக் கொடுங்கள், விசில் ஊதுங்கள், எதுவானாலும் சரி. அந்த இடம் மட்டும் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டும், கால் ஓய்வெடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஓய்வெடுக்க எனக்குத் தெரியவில்லை. நேற்று மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு மின்விசிறியைத் துடைக்கட்டுமா என்று கேட்டேன், அந்த அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். கடையில் ஒரு பெரியவருக்கு இடக்கண் கண்ணாடியை வலக்கண்ணில் மாட்டிவிட்டு எழுத்து தெரிகிறதா என்று கேட்டிருக்கிறேன். முழங்கால் உட்கார்ந்தால் வலிக்கிறது, நடந்தால் சரியாகிவிடுகிறது. அப்படியென்றால் அது முழங்கால் இல்லை, பயம்.

போன வருடம் நடந்ததை உங்களிடம் முழுக்கச் சொல்லவில்லை. சைக்கிளில் லேட்டாக வந்தேன். அங்கே நின்ற ஒருவர் ரொம்ப நல்லவர். "போம்மா போ, நான் பாக்கல" என்று விட்டுவிட்டார். நானும் ஓடினேன். பாதி தூரம் ஓடியபிறகு நடுவர் ஒருவர் மோட்டார் பைக்கில் வந்து, என் எண்ணைப் பட்டியலிலிருந்து எப்போதோ அடித்துவிட்டார்கள் என்றார். அவ்வளவு தூரம் கைதட்டியவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன் அப்பா. நான் போட்டியிலேயே இல்லை.

அந்த நல்லவர் இடத்தில்தான் இப்போது நீங்கள். உங்களால் என்னை நிறுத்த முடியாது. சின்ன வயதில் நான் ஐந்து கால் குதிரை வரைந்தபோது, அந்தக் குதிரை இன்னும் வேகமாக ஓடும் என்றீர்கள். கணக்கில் தோற்றபோது வாத்தியாருக்கு மூளையில்லை என்றீர்கள். உங்கள் பாராட்டு வீட்டுத் தண்ணீர் மாதிரி. தினமும் குடிப்பேன். ருசி பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அன்பு.

மகள்

&nbsp;

செப்டம்பர் 8

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானது தெரிந்தது.

இடம் மாற்றக் கேட்டேன். சலூன் வைத்திருக்கிற ஒருவர் சம்மதித்தார். அவருக்கு வாழைப்பழ மேஜை. "நான் நிறுத்தறேன் சார். என் நாற்காலில உக்காந்தவன் எவனாவது அசைஞ்சிருக்கானா?" என்றார். தகுந்த ஆள்தான். மாற்றிக்கொள்ள நாளை மறுநாள்வரை நேரம் இருக்கிறது.

ஆனால் 'உங்களால் என்னை நிறுத்த முடியாது' என்று எழுதினாயே, அது என்னை உட்காரவிடவில்லை. அப்படியா என்று பார்த்துவிடலாம் என நேற்றுக் காலை ஒரு சோதனை வைத்தேன். என் பஸ்ஸில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் உண்டு. ஒருத்தனுக்கு ஷூ கிடைத்தால் மற்றவனுக்குப் பை கிடைக்காது. நேற்று ஹாரன் அடித்தேன், வரவில்லை, கிளம்பிவிட்டேன்! பின்சீட்டிலிருந்து ஒரு வாண்டு, "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது.

மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த தெரு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அம்மாவின் காலில் பழைய ரிப்பனைக் கட்டிக் கழற்றிப் பழகுகிறேன். "நிறுத்துங்க" என்று கண்ணாடி முன்னால் நின்று அதட்டிப் பார்க்கிறேன். "யாரையோ காபி சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்கிறாள் அம்மா. நம் வீட்டு அடுப்படிக்குள் வருகிற பூனையைக்கூட நான் இதுவரை நிறுத்தியதில்லையாம்.

எல்லாம் சரி. இருந்தாலும் உன் காலிலிருந்து அதைக் கழற்ற வேண்டி வந்தால், சலூன்காரர் கழற்றுவதை வாழைப்பழம் உரித்தபடி நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நீயே சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன். அதுதான் என் வியாதியே.

அப்பா

&nbsp;

செப்டம்பர் 10

அப்பாவுக்கு,

இது உடனே உங்கள் கைக்கு வர வேண்டும் என்று பஸ்ஸில் வருகிற தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த தெரு வரைக்கும் போனீர்கள் என்று படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த வரியை மறுபடி படித்தேன். நான் பயப்படுவது அந்த அடுத்த தெருவுக்குத்தான்.

இன்று பைகளைக் கட்டினேன். நீந்தி வெளியே வந்ததும் எடுக்கிற சைக்கிள் பை ஒன்று, சைக்கிளை விட்டதும் எடுக்கிற ஓட்டப் பை ஒன்று. கட்டினேன், அவிழ்த்தேன், காலுறை இருக்கிறதா என்று பார்த்தேன், கட்டினேன். இன்னொரு தடவை அவிழ்த்தபோது ஒரு யோசனை. சைக்கிளில் லேட்டானால் இந்த இரண்டாவது பையை யாருமே திறக்கப்போவதில்லை. அப்படியே கட்டினபடி திருப்பிக் கொடுப்பார்கள். போன வருடம் நான் அதைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

நீங்களே நில்லுங்கள்.

ஒன்று மட்டும். நான் வரும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்தரைக்கு முன்னால் வந்தால் என்னைத் தடுக்க யாராலும் முடியாது. ஐந்தரைக்குப் பின்னால் வந்து, நீங்கள் என்னை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் நான் நம்பப்போவதில்லை. நல்லா இருக்கேன் என்று நீங்கள் சொன்னால் டாக்டரிடம் கேட்பேன். சாப்பிட்டேன் என்றால் அம்மாவிடம் கேட்பேன். கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக, இரண்டாவது தடவையாக எழுதுகிறேன். முதல் தடவை எழுதியது இதைவிட மோசம்.

மகள்

&nbsp;

செப்டம்பர் 16

சுண்டெலி,

சலூன்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

இந்த வீட்டில் யாரும் நிலையாக உட்காரவில்லை. நீ அங்கே விசிறி துடைத்தால் நான் இங்கே பஸ்ஸை ஒரே நாளில் இரண்டு தடவை கழுவினேன். மெக்கானிக், "பொண்ணு பாக்க வராங்களா, வண்டிய?" என்கிறான். அம்மா தினமும் வானத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள், வானம் அவளுக்குக் கடன்பட்டது போல. உனக்கு உருளைக்கிழங்கு நிறைய வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறாள். நீ ஒருத்திதான் ஓடுகிறாய் என்பதை அவளுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ கேட்ட வாக்கைக் கொடுக்கிறேன். கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.

சீக்கிரம் வந்துவிடு, தாயே. என் மானம் உன் காலில் இருக்கிறது.

அப்பா

&nbsp;

செப்டம்பர் 30

அன்புள்ள மகளுக்கு,

போட்டி முடிந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. மறுநாள் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே நீ கிளம்பிப் போய்விட்டாய். போனும் இல்லை, கடிதமும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் அப்புறம் படி.

நீ பார்க்காததை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தரை அடித்தபோது நீ வரவில்லை. எனக்கு முன்னால் மரத்தடி வரைக்கும் சாலை காலி. முதலில் ஒரு பையன் வந்தான், நிறுத்தினேன். பேசாமல் காலை நீட்டினான். அடுத்து வந்தவர் என் வம்சத்தையே திட்டினார். அவருக்கும் கழற்றினேன். பரவாயில்லையே, நமக்கு வருகிறதே என்று நினைத்தபோது, மேட்டில் உன் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது.

என்னோடு நின்ற நடுவர் என் முகத்தைப் பார்த்தார். தடுப்புக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. "எனக்குத் தாகமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வரேன், நீங்க பாத்துக்குங்க" என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தண்ணீர் பாட்டில் அவர் கையிலேயே இருந்தது.

அம்மா என் சட்டையைப் பிடித்தாள். பூனைக்கதை சொல்லி என்னைக் கேலி செய்தவள்தான். "விட்டுடுங்க. நாலு நிமிஷம்தானே. யாருக்குத் தெரியப்போவுது? குழந்தைங்க அவ." இதை அவளிடம் கேட்காதே, அப்படிச் சொல்லவே இல்லை என்பாள்.

உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். அந்த வாக்கில் பாதியைத்தான் காப்பாற்றினேன். கடிகாரத்தையும் பார்த்தேன். பிறகு சாலை நடுவில் போய் நின்று கையை விரித்தேன். 'நிறுத்துங்க' என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீயே பிரேக் பிடித்தாய். நீயே காலை நீட்டினாய். நான் மண்டியிட்டேன், ஆனால் எத்தனையோ தடவை அம்மாவின் காலில் பழகிய கைக்கு அந்தப் பட்டையின் நுனி அகப்படவில்லை. அப்போது நீ சொன்னாய், "மெதுவா எடுங்கப்பா. இப்ப எனக்கு என்ன அவசரம்?"

நடுவர் அப்போதும் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

உனக்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரையும் நிறுத்தினேன். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, முகம் எல்லாம் உன் முகமாகவே இருந்தது.

உன் ஓட்டப் பை இங்கே இருக்கிறது. கட்டு பிரிக்கவில்லை.

நீ பேசினாலும் பேசாவிட்டாலும்,
உன் அப்பா

&nbsp;

அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேல் கோபமில்லை. தூங்கினேன். எழுந்தேன், கடைக்குப் போனேன், வந்து தூங்கினேன். அழவேண்டிய இடத்திலெல்லாம் தூக்கம் வந்தது.

கடையில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். கலந்துகொண்டதே பெரிய விஷயமாம். அன்றைக்கு எதிர்க்காற்று ரொம்ப அதிகமாம், வேறு யாராயிருந்தாலும் விழுந்திருப்பார்களாம். பயிற்சியாளரும் காற்று என்கிறார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இவர்களில் ஒருவர்கூட அந்த மேட்டில் என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். காற்றா, நானா? அடுத்த வருடம் வந்தால் முடிப்பேனா? யோசித்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை நம்புவேன்.

அம்மா என்னை 'குழந்தை' என்றதைக் கேட்கமாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன்.

உங்கள் மகள்

&nbsp;

அக்டோபர் 7

என் கண்ணே,

மூன்று தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காற்று இல்லையம்மா. மேட்டின் மேலே இருந்த கொடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நீதான் மெதுவாக வந்தாய். நான் நின்ற இடத்திலிருந்து ஏற்றம் முழுக்கத் தெரியும். ஏற்றத்தில் அடிக்கடி திரும்பிப் பார்த்தாய், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மிதிப்பது நின்றது. கடைசியில் இடது கால் வெறுமனே சுற்றியது, மிதித்தது வலது கால் ஒன்றுதான். இத்தனை வருடம் பஸ் ஓட்டியவன், முன்னால் போகிற சைக்கிளைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவன், அதனால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் மேட்டுக்கு மேலே வந்ததும் என்னைப் பார்த்தாய். நான் அங்கே நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ மிதிப்பதை விடவில்லை. நான் கையை விரித்து நின்ற இடம் வரைக்கும் மிதித்து வந்தாய். உனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் என்னைக் கண்டதும் மிதிப்பதை விட்டுவிட்டு உருண்டுதான் வந்தார்கள். இதையும் நம்பு.

அடுத்த வருடம் முடிப்பாயா என்றால், எனக்குத் தெரியாது. வந்து மிதித்துக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா