மூன்றாவது வெடி

என் தங்க மருமகனே செல்வம்,

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். நம்ம மலைப் போளூரில் உன் பூண்டுக் காட்டு வரப்பில் நின்று, "ஏலே, காட்டுமாட்டுக்கு ரெட்டைக்குழல் துப்பாக்கி காணாது, ஒருநாள் உன்னைக் கைவிட்டுரும்" என்றேனா இல்லையா? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் வாக்கு அப்படியே பலித்துவிட்டது. பலிக்காமல் போயிருக்கக் கூடாதா?

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. உன் துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கி வைத்திருக்கிறார்கள். முந்தாநாள் மாடுகள் மறுபடி வந்து பீன்ஸ் கொடியை இழுத்துப் போட்டுவிட்டுப் போயின. பூண்டைத் தொடவில்லை. அதற்குக் காவல் நின்றுதானே நீ போனாய்?

நான் கொடைக்கானலில் வாட்ச்மேனாக இருந்த பங்களாவில் அந்த மூன்று குழல் துப்பாக்கி இருந்தது. அது நிஜம். மேலே இரண்டு, கீழே ஒன்று. வாய்ப்பக்கம் திருப்பிப் பார்த்தால் உரித்த தேங்காயின் மூன்று கண் மாதிரியே இருக்கும். அதன் மூன்றாவது வெடியில் காட்டுமாட்டைத் திருப்பி விரட்டினேன், வெடித்தால் பழனிக் கோயில் மணி தானே ஆடும் என்று டீக்கடையில் சொல்வேன். "அண்ணே, போன தடவை ஒரு மாடுன்னீங்க, இப்ப ஏழாயிருச்சே?" என்று உன் பக்கத்துக் காட்டுப் பாண்டி கேட்பான். "கன்னு போட்ருச்சுடா" என்பேன். கடையே சிரிக்கும். ஊரில் ஒருத்தரும் நம்பாத கதை அது. நீ நம்பினாய்.

நம்பியதோடு விட்டாயா? அப்படி ஒன்று கிடைக்குமா என்று மதுரைக்கே போய் விசாரித்துவிட்டு, அட்டுவம்பட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"மாமா, கடைக்காரரு சிரிக்கிறாருங்க. மூணு குழலு பாக்கத்தான் பகட்டாம். தூக்கிட்டு மேடு ஏறுனா தோள்பட்டை கழண்டுருமாம். ரிப்பேர்னா பாக்க ஆளில்லையாம். எந்த விசைக்கு எந்தக் குழலுன்னு யோசிக்கிறதுக்குள்ள மாடு சோலிய முடிச்சுரும்ங்கிறாரு."

"அவன் கெடக்கான். மாட்டுக்கு முன்னால நின்னிருக்கானா அவன்?"

"நீங்க நின்னீங்கள்ல மாமா?"

"நின்னேன்டா. ரெண்டு வெடிக்கு மொறைக்கும், மூணாவது வெடிக்குத் திரும்பிரும். அது காட்டுமாட்டோட புத்தி."

"அப்ப ரெட்டைக்குழல்காரன் ஓடக் கூடாது. வெரசா இன்னொண்ணு மாட்டணும்" என்றாய்.

இருந்த இடத்திலேயே துப்பாக்கி இருப்பதுபோல் வெறுங்கையால் குழலை மடக்கி, தோட்டா போட்டு, நிமிர்த்திப் பார்த்தாய். நாலைந்து தரம் செய்தாய். நானும் சும்மா இருந்தேனா? "இன்னும் வெரசாடா" என்று கைதட்டினேன். அந்தக் கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நீ போன அன்றைக்கு வெள்ளனே நடந்ததைப் பாண்டி சொன்னான். வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடித்தாயாம். மாட்டுக் கூட்டம் சோலைக்குள் போய்விட்டது. ஒத்தை மாடு மட்டும் நின்றது. "ஓடு செல்வம், ஓடு!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். நீ குனிந்து எதையோ செய்துகொண்டு அங்கேயே நின்றாயாம். மாடு முட்டிப் போட்ட உன்னைத் தூக்கும்போது துப்பாக்கி மடங்கிக் கிடந்தது. ஒரு தோட்டா உன் விரலுக்குள் அப்படியே இருந்தது.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கால் வழுக்கியது என்கிறார்கள், திமிர் என்கிறார்கள். உன் அம்மா சொல்வதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. முதல் நாள் உன் பெண்டாட்டி தேன்மொழி உன்னோடு சண்டை போட்டாளாமே, காட்டை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் ஓட்டல் வேலைக்குப் போவோம் என்று?

"ஓடத் தெரியாதவனாடா எம்புள்ள? இவ சொன்ன சொல்லுதான் அவன நிக்க வெச்சுருச்சு. சாகணும்னே நின்னுருக்கான். பதினாறு முடிஞ்சதும் அவ இந்த வீட்டுல இருக்கக் கூடாது காளி" என்கிறாள் அக்கா. தேன்மொழி வைக்கும் சோற்றைத் தொடுவதில்லை.

நேற்று தேன்மொழி என் பின்னாலேயே தண்ணீர்த் தொட்டி வரை வந்தாள். "சித்தப்பா, நான் சண்டை போட்டதுக்காகவா ஓடாம நின்னாரு?" என்றாள்.

எதைக் கேட்டாலும் ஒன்பது பதில் சொல்கிறவன் நான். பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வரவில்லை மருமகனே. பாதி மலை நடந்தேன்.

ஒருத்தரும் நம்பாத கதை என்பதால், நீ மூன்றாவது வெடிக்காகத்தான் நின்றாய் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாளை முதல் பஸ்ஸில் போளூருக்குப் போகிறேன். அக்காவையும் தேன்மொழியையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதற்குப் பிறகு அக்கா என் முகத்தில் விழிக்காவிட்டால் போகட்டும். ஆனால் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பங்களா வேலியோரம் மாடு வந்தது மெய். நான் இரண்டு வெடி வெடித்ததும் மெய். அது திரும்பவில்லை. மூன்றாவது குழலுக்கு எந்த விசை என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டேன். மாடு தானாகத்தான் போனது. மூன்றாவது வெடி என்று ஒன்று இல்லவே இல்லை, மாப்ளே. நான் ஓடினேன்.

உன் தாய்மாமன்,
காளிமுத்து