மாமாவுக்கு எத்தனை வருசப் பறவை

12 ஆக., செவ்.
வெயில். ரெண்டு குடத்தோட குழாய் நின்னுபோச்சு. மாவு புளிச்சிருச்சு. எட்டாம் வகுப்பு பேப்பர் 41 திருத்தணும், இன்னும் தொடலை.

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் போன். அத்தை செத்து நாலு மாசமாச்சு, அவங்க அப்பா யாரோடயும் பேசலையாம், துணைக்கு ஒரு பறவை வாங்கிக் கொடுன்னார். மகன் வந்து துணைக்கு இருக்க மாட்டார். மாமா பேசாமலா இருக்கார்? "ரேவதி, சுடுதண்ணி." "ரேவதி, வெத்தலை." இருபத்திரண்டு வருசமா அதே ராகம்.
எந்தப் பறவைன்னு நீயே முடிவு பண்ணுன்னார். பண்றேன்.

13, புதன்
மாமாவுக்குப் பச்சைக்கிளிதான் வேணுமாம். வளர்த்தா ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னேன். என்னையவா கிளியவான்னு கேட்டார். மனசுக்குள்ள பதில் சொல்லிக்கிட்டேன்.

புதுக்கோட்டை பறவைக் கடைக்காரர்கிட்ட போன்ல விசாரிச்சது:
லவ் பேர்ட்ஸ் – 8 வருசம். அப்ப எனக்கு 55.
காக்டீல், கொண்டை வச்ச சின்னக் கிளி – 20. எனக்கு 67.
ஆப்பிரிக்க சாம்பல் கிளி – 50, சிலது அதுக்கும் மேல. எனக்கு 97. வேற வேலை இல்லை பாரு.
மாமாவுக்கு இப்ப 76.

மாமா போனதும் திருச்சிக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு மக கூட இருக்கணும். ஒரு ரூம், ஒரு அடுப்பு, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. இதை நெனச்சுத்தான் தினம் பஸ் ஏறுறேன். அங்க கூண்டைத் தூக்கிட்டுப் போக முடியாது. பறவை முந்திச் செத்தா இன்னொண்ணு வாங்கணும். பிந்தினா என் தலையில விடியும். ரெண்டும் ஒண்ணாப் போனா நல்லது. அதுக்கு மாமா எத்தனை வருசம்னு தெரியணும்.
இதை எழுத கை கூசும்னு நெனச்சேன். கூசலை.

16, சனி
லீவு. அத்தை பீரோவிலிருந்து மாமா ஜாதகத்தை எடுத்துக்கிட்டு திருவரங்குளம். பஸ்ஸுல நின்னுக்கிட்டே.
ஜோசியர் கட்டத்தைப் பார்த்துட்டு, தீர்க்காயுசும்மா, எண்பத்தெட்டுன்னார். என் மூஞ்சி எப்படிப் போச்சோ, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டார். எதுக்கு இப்பப் பாக்குறீங்கன்னார். அவருக்குப் பறவை வாங்கணும், வருசம் பொருந்தணும்னேன். ஜாதகத்தை மடிச்சுக் கொடுத்துட்டு சிரிச்சார்.
இன்னும் பன்னிரண்டு. லவ் பேர்ட்ஸ் பத்தாது, காக்டீல் கூடிப்போகுது. திரும்பி வர்ற வழியெல்லாம் இதே யோசனை.

17, ஞாயிறு
கடைக்காரர் போன். வெளிநாடு போனவங்க விட்டுட்டுப் போன காக்டீல் ஒண்ணு கிடக்காம். எட்டு வயசு. தன் நெஞ்சு இறகைத் தானே பிச்சுப் போட்டுக்குமாம்.
20–8=12. கச்சிதம்.
வியாழக்கிழமை வந்து எடுத்துக்குறேன்னேன். ஆடியும் முடிஞ்சது. நெஞ்சு மொட்டையா இருந்தா என்ன, மாமாவுக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே.

19, செவ்.
மாமா கோயிலுக்குப் போறேன்னு திருவரங்குளம் போயிட்டு வந்தார். ஜோசியரோட டீ குடிச்சாராம். நான் எதுக்கு வந்தேன்னு அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாராம்.
திட்டியிருந்தா தேவலை. ரசம் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டு, "எண்பத்தெட்டாம்ல. ஒனக்கு ரொம்பச் சிரமம்த்தா"ன்னார். அப்புறம் மோரும் கேட்டார்.

20, புதன்
மாமா முதல் பஸ்ஸுல எங்கயோ கிளம்பிட்டார். சொல்லிக்கலை.
மூணாவது பீரியட்ல போன். இ-சேவையில நிக்கிறாராம், பென்சன் விசயமாம், ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், வாசின்னார். வீட்டுல எல்லாத்துக்கும் என் நம்பர்தான் கொடுத்திருக்கு. நேத்து நடந்த வெக்கத்துல, ஏன் எதுக்குன்னு கேக்காம ஆறு எண்ணையும் வாசிச்சேன்.

சாயங்காலம் வந்தா கூடத்துல கூண்டு. சாம்பல் உடம்பு, சிவப்பு வால். அந்த ஆப்பிரிக்கக் கிளி, நாலு மாசக் குஞ்சு.
மகளுக்குன்னு எடுத்து வச்ச அத்தை வளையல் ரெண்டும் பீரோவுல இல்லை.
மாமா ஒரு பேப்பரை நீட்டினார். வெளிநாட்டுப் பறவை வளர்க்க அரசாங்கப் பதிவு. உரிமையாளர்னு என் பேர். என் ஆதார். காலையில நானே வாசிச்ச நம்பர் இதுக்குத்தானாம்.
"எனக்குப் பன்னண்டு வருசம்தான. மிச்சம் ஒன்னுது."
திருப்பிக் கொடுத்துருவேன்னு கத்துனேன். இவ்வளவு மூளை இந்த மனுசனுக்கு எங்க இருந்துச்சு?
கடைக்காரருக்குப் போன். வித்ததைத் திரும்ப எடுக்கிறதில்லையாம். அந்த காக்டீல்?
"அது நேத்தே செத்துப்போச்சு மேடம்."

24, ஞாயிறு
தூறல். துணி காயலை. பேப்பர் இன்னும் 19.
காலையிலிருந்து மாமா கூண்டு முன்னாடி சேரைப் போட்டு உக்காந்திருக்கார். "ரேவதி, சுடுதண்ணி."
சொம்போட போய் நின்னேன். வேணாம்னு கையாட்டினார். அடுப்படிக்குத் திரும்பினதும் மறுபடி. மறுபடி போனேன். நாலாவது தடவை சிரிச்சுட்டார். அத்தை போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறார்.
"ஒன்னையச் சொல்லலத்தா. அதுக்குப் பாடம் நடத்துறேன். எனக்கப்புறம் ஒன்னையக் கூப்பிட ஆள் வேணும்ல."
குஞ்சு தலையைச் சாய்ச்சு அவர் வாயையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.
நெட்ல பார்த்தேன். வளர்த்தவங்க குரல்லயே பேசுமாம்.
திருச்சியில அந்த ஒரு ரூம்ல, மக தூங்குறப்ப, எனக்கு எழுபது வயசுல, சுடுதண்ணி.

இந்தா, கூப்பிடுறார். என்னையா அதையான்னு தெரியலை.
போறேன்.