ஜன்னலோரம் கேட்ட பாடம்

மகளுக்கு,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளியில் இப்போது டிவியில் யூடியூப் பாடம் போட்டுக் காட்டுகிறார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி போர்டுகளைப் பார்த்து நானாகவே எழுத்துப் படித்தவன். சந்தேகம் கேட்க ஆளில்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனேன்.

சுகிர்தா டீச்சர் சிரித்தார். "இன்னா தாத்தா, உங்க பொண்ணையே நிறுத்தச் சொல்றீங்களா? நல்லா பாருங்க."

டிவியில் நீ.

உன் கல்யாணத்தை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனாலும் தினமும் ஜன்னலோரம் நிற்கிறேன்.

கழித்தல் சொல்லி முடித்து, "புரிஞ்சுதா கண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாய். பிள்ளைகள் "புரிஞ்சுது டீச்சர்" என்று கத்துகிறார்கள். நேற்று நானும் வாய்விட்டுச் சொன்னேன், "புரியலம்மா" என்று.

நீ சிரித்தபடியே அடுத்த கணக்குக்குப் போய்விட்டாய்.

உன் அப்பா