வருகிறவர்களுக்கு வைத்த தண்ணீர்

வடபனி ஆய்வு நிலையம், செவ்வாய்க் கோள்.
பதிவு செய்பவர்: எஸ்தர் பொன்மலர், பனி ஆய்வாளர். நிலையத்தில் வேறு ஆள் இல்லை. இது யார் கையில் கிடைத்தாலும் தாராளமாகப் படிக்கலாம். ரகசியம் ஒன்றும் இல்லை.

நாள் 214, காலை 7.30

புழுதிப் புயல் தொடர்கிறது. சூரியத் தகடுகளில் மின்சாரம் பாதிகூட வரவில்லை. பனியை உருக்கும் கருவியை நிறுத்திவிட்டேன். புயல் அடங்கும்வரை தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். வெளிக்கதவின் மோட்டார் எரிந்துவிட்டது. இனி உள்ளே இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றினால்தான் கதவு திறக்கும்.

குடித்தது: போதுமான அளவு. சிறுநீர் நிறம்: எலுமிச்சைச் சாறு. தூக்கம்: நன்று. தனியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. நான் பாடினால் எழுந்து போக ஆள் இல்லை.

நாள் 214, மாலை 4.15

தலைமை முகாமிலிருந்து டாக்டர் குழந்தைவேலு பேசினார். செய்தி நல்லதில்லை.

"ஏனுங்க பொன்மலர், செண்பகவல்லி ஓட்டிட்டுப் போன வண்டி புயல்ல மாட்டிக்கிச்சுங்க. தண்ணித் தொட்டி உடைஞ்சுபோச்சு. நாலு பேரு இருக்காங்க. உங்க நிலையம்தான் கிட்டக்க இருக்குது. மிச்சமிருக்கற தண்ணிய அளந்து குடிச்சுட்டு அங்கதான் வர்றாங்க. எப்படியும் நாலு நாள் ஆகுமுங்க."

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. பயிற்சிக் காலம் முழுக்க எனக்கு அறைத்தோழி. இந்தக் கோளில் என்னை அதட்டும் உரிமை உள்ள ஒரே ஆள். முகாம் வழியாக அவள் குரல் விட்டுவிட்டு வந்தது.

"ஏட்டி பொன்னு, தண்ணி எடுத்து வையி. வாய்க்குள்ள மண்ணுதான் கெடக்கு. வந்து குடிச்சிட்டுத்தான் உங்கிட்டப் பேச்சு."

அதன்பிறகு அவர்கள் ரேடியோ எட்டவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நாள் 215, காலை 8.00

இன்று முதல் எனக்கு ஒரு டம்ளர். காப்பி கிடையாது. உலர்சோற்றுக்குச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால் சோறும் கிடையாது. பிஸ்கட் இருக்கிறது.

டாக்டரிடம் சொல்லவில்லை, ஆனால் மனிதர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"தொட்டியில இருக்கறது அஞ்சு பேருக்கும் தாராளமா போதுமுங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். நீங்க கொறைக்க வேண்டாம். அங்க தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்கக் கூடாதுங்க, தாகமே தெரியாது. காஞ்ச காத்து மூச்சுலயே தண்ணிய எடுத்துரும். தலை வலிச்சாக் கூட மொதல்ல தண்ணி, அப்பறம்தான் மாத்திரை. நேரத்துக்குக் குடிச்சாத்தான் மூளை வேலை செய்யுமுங்க. நீங்க சாஞ்சுட்டீங்கன்னா அவங்களுக்குக் கதவத் தொறக்கறது யாருங்க?"

"குடிச்சாச்சு டாக்டர்" என்றேன். பொய்தான்.

அவர் கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கும். நான் தூத்துக்குடிக்காரி. தண்ணீர் லாரி வராத தெருவில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர்க் கணக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் நலம் விசாரிப்பு. வருகிறவர்களோ வறண்ட தொண்டையோடு வருகிறார்கள். அவர்கள் முன்னால் பாதித் தொட்டியைக் காட்டிவிட்டு நான் எப்படி நிற்பது?

தாகமே இல்லை. அதுவே எனக்குப் பெரிய உதவி.

நாள் 216, காலை 11.40

நிறம்: பால் விடாத கட்டன் சாயா. தலைவலி, நெற்றியின் இரண்டு பக்கமும். மாத்திரை ஒன்று, தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். தொண்டையில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்தியது.

எழுந்தால் தலை சுற்றுகிறது. வயிறு இரண்டு நாளாகப் போகவில்லை. உதடு வெடித்திருக்கிறது. அழுத்தமானியை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் வேறு வேறு எண் எழுதியிருக்கிறேன். கருவிதான் சரியில்லை போல.

வேலை ஓடவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. செண்பகாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. மேசையில் நான்கு டம்ளர் நிரப்பி மூடி வைத்தேன். அதைப் பார்த்தால் கொஞ்சம் நிம்மதி.

நாள் 217, பகல் 2.20

நிறம்: கருப்பட்டிக் காப்பி. அதுவும் கொஞ்சம்தான்.

நேற்று அரை டம்ளர். இன்று வாயை நனைத்ததோடு சரி. முடிகிறதே! முடியாது என்றார்களே!

காலையிலிருந்து டாக்டர் விடவில்லை. "ஏனுங்க, உங்க பேச்சு கொழறுதுங்க. இப்பவே ரெண்டு டம்ளர் குடிங்க. உப்பும் சக்கரையும் கலந்து மெதுவாக் குடிங்க. எங்கண்ணு முன்னால குடிங்க, கேமராவப் போடுங்க." நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? "ஒங்க வேலையப் பாருங்க வே" என்று கத்திவிட்டேன். வயதில் மூத்தவரை 'வே' என்று சொன்னது தப்புதான். அதற்கு அவர் கோபப்படவில்லை. கெஞ்சினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொரு சொல்லும் மண்டையில் ஆணி அடிக்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டேன். வண்டி பக்கத்தில் வந்தால் அவர்கள் குரலும் இதே ரேடியோவில்தான் வரும் என்பது தெரியும். வந்தால் கதவைத் தட்டமாட்டார்களா என்ன?

நாள் 217, மாலை

சுவருக்குள் சுடுநீர் ஓட்டும் பம்பு டக் டக் என்று அடிக்கிறது. தாங்க முடியவில்லை. அதையும் நிறுத்தினேன். குளிரட்டும். குளிர்ந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். ஆகும்தானே? யோசித்தேன், பாதியில் விட்டுப்போயிற்று.

நாள் 218, அல்லது அடுத்தது

கடிகாரத்தைப் பார்க்கிறேன். எண்கள் நிற்க மாட்டேன் என்கின்றன.

அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. நாக்கு செருப்புத்தோல் மாதிரி. எழுந்தேன், விழுந்தேன், முழங்காலில் அடி. தரையிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் டம்ளர்கள் தெரிகின்றன. ஒரு மடக்கு எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று கை போனது. இல்லை. அது செண்பகாவுக்கு. அது வருகிறவர்களுக்கு.

பிறகு

மறுபடியும் அந்தப் பம்பு.

நிறுத்தினேனே. சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. ஆனாலும் அடிக்கிறது. டக் டக் டக். கொஞ்சம் விட்டு, டக் டக் டக். கதவுப் பக்கத்துச் சுவரில் குழாய் தளர்ந்திருக்க வேண்டும். புயல் முடிந்ததும் பார்க்கிறேன்.

சும்மா இரு என்று கத்தினேன். குரல் வெளியே வரவில்லை.

நிற்கவில்லை. இப்போது வேகமாக. பல கைகள் சேர்ந்து அடிப்பதுபோல. காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் தரை வழியாக எலும்புக்குள் வருகிறது. எவ்வளவு நேரம்! இந்தப் பம்பை வாங்கியவன் யார்?

பிறகு

குறைந்திருக்கிறது. மூன்று வரவில்லை. ஒன்றுதான். டக்.

நெடுநேரம் கழித்து இன்னொன்று.

பிறகு

நின்றுவிட்டது. அப்பாடா.

நான்கு டம்ளரும் நிறைய இருக்கின்றன. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. இப்போதுதான் நிலையம் அமைதியாக இருக்கிறது. இனி செண்பகா வந்து தட்டினால் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.