கழலாத வளையல்

நேற்று காலை பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் என் இடது கையில் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுக்க வேண்டும், உடம்பில் நகை இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு வளையல். அது வர மறுத்தது. அவள் தண்ணீர் ஊற்றினாள், மறுபடி சோப்புப் போட்டாள், "கட்டை விரலை உள்ள மடக்கிக்குங்க பாட்டி" என்றாள். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. ஈரச் சோப்பின் வாசனை. நான் உன்னை நினைத்துக்கொண்டேன், உன் மதினியையும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் மகன்தான் போன் செய்து, அம்மா மௌத்தாகிவிட்டாங்க டீச்சரம்மா என்று சொன்னான். உன் காலத்து ஆட்களில் நான் மட்டும்தான் மிச்சம் போலிருக்கிறது. ஆகையால் உன்னைப் பற்றி உன்னிடமே பேசுகிறேன்.

அரியலூரில் நாம் மூன்றாம் பாரம் படித்த வகுப்பறை உனக்கு ஞாபகம் இருக்கும். சன்னல் ஓரத்துத் தனி பெஞ்சு நமக்கு. சயின்ஸ் வாத்தியார் மனித உடம்புப் படத்தைச் சுவரில் மாட்டும்போது, இடுப்புக்குக் கீழே சுருட்டி நூலால் கட்டியே மாட்டுவார். இருதயம், நுரையீரல், இரைப்பை எல்லாம் நடத்தினார். நீ எழுந்து, மீதிப் படம் எங்கே சார் என்று கேட்டாய். பையன்கள் சிரித்தார்கள். அவர் உன்னைத் திட்டவில்லை. அது பரீட்சைக்கு வராது என்றார். வெளியே வந்ததும் நீ என்னிடம் சொன்னாய்: "பாதி ஆளுக்குத்தான் பாடம் நடத்துறாங்க புள்ள."

பின்னாளில் நானே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனபோது அந்த நூலைத்தான் முதலில் அவிழ்த்தேன்.

அந்த வருஷப் பரீட்சை முடிந்த கொஞ்ச நாளில் நீ பெரிய மனுஷி ஆனாய். உங்கள் வீட்டு வாசலில் ஒரு திரை தொங்கியது. எனக்கு அப்பா என்றால் உனக்கு அத்தா. அவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கட்டம் போட்ட இரண்டு கைலிகளைச் சேர்த்துத் தைத்த திரை. அதற்கு வெளியே நீ வருவது நின்று போயிற்று. நான் போகலாம், வரலாம். என் அப்பா ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. ரயில் ஏறி எங்கெங்கோ போகிற ஜனங்களை நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர், மகள் நாலாம் பாரம் போவதைப் பெரிய விஷயமாக எண்ணவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உங்கள் வீட்டுக்கு வருவேன். அன்றைய பாடம் முழுவதையும் உனக்குச் சொல்வேன். சொல்லிக் கொடுத்தால்தான் நமக்கே பாடம் புரியும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சிறை என்றால் என்ன டீச்சர் என்று ஒருமுறை ஒரு சின்னப் பெண் என்னைக் கேட்டாள். எனக்கு எதையும் உதாரணம் சொல்லி விளக்கித்தான் பழக்கம். பூட்டு, கம்பி என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வீட்டைச் சொன்னேன். கதவு திறந்தே இருக்கும். நீங்கள் ஆணம் என்று சொல்லும் குழம்பில் நல்ல கறித்துண்டு உனக்குத்தான் வரும். உன் அம்மா சதா ஓதிக்கொண்டும் உன் தலையைத் தடவிக்கொண்டும் இருப்பார். உன் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, கடையிலிருந்து வரும்போது உனக்கென்று பொட்டலம் இருக்கும். ஒருவரும் உன்னை அதட்டியதில்லை. ஆனாலும் அந்தக் கைலித் துணியைத் தாண்ட உனக்கு வழியில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. கறித்துண்டு கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள்.

உன் மேற்படிப்பைப் பற்றி உன் அம்மா கேட்ட ஒவ்வொரு தடவையும் பெரியத்தாவின் பதில் ஒன்றுதான். "அவம் புள்ள. அவன் வரட்டும். அவன் சரின்னா நானே ரயிலேத்தி விடுறேன்." அதில் சூது கிடையாது. உன் அத்தாவோ பினாங்கில். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு தபாலும் இல்லை, தந்தியும் இல்லை, ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் பெரியத்தா அதே பதிலைத்தான் சொல்லி அனுப்பினார். படிக்கவும் முடியாது, கல்யாணமும் ஆகாது. "கண்ட்ரோல் அரிசி மாதிரி ஆயிட்டேன் புள்ள, சண்ட முடியிற வரைக்கும் யாருக்கும் கெடைக்க மாட்டேன்" என்று நீ சிரித்தாய். ஸ்டேஷனில் வண்டி ஊதினால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாய். திருச்சி வண்டியா, மெட்ராஸ் வண்டியா என்று சத்தத்திலேயே சொல்வாய். மெட்ராஸில் பெண்கள் டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் இருப்பதை அப்போதே எப்படியோ தெரிந்து வைத்திருந்தாய்.

அந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். நீ சொல்ல வெகு நாளாயிற்று.

பெரியத்தா மகனுடைய மனைவி, உன் மதினி, தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழு மாதம். தலைவலி என்று சுருண்டு படுத்தாள், கண் மங்குகிறது என்றாள். கடைத்தெருவிலிருந்து எல்.எம்.பி. டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் நல்ல மனிதர். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும், அவர் நாடி பார்ப்பார். உங்கள் வீட்டு வழக்கம் அதுதான், டாக்டருக்கும் அது பழகிவிட்டது. அன்றைக்கு மதினியால் எழுந்து திரை வரைக்கும் நடக்க முடியவில்லை. அந்நிய ஆண் தொடுவாரே என்ற கூச்சம் வேறு, அழுதாள். அவள் மாமியார், உன் பெரியம்மா, யோசித்தார். வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது. உன்னைக் கூப்பிட்டு, "நாடி எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா, நீ குடு" என்றார். கன்னிப் பெண்ணின் கை மொட்டையாகத் தெரியக் கூடாது என்று, மதினியின் தங்க வளையலைக் கழற்றி உனக்குப் போடப் பார்த்தார்கள். அது கழலவில்லை. சோப்புப் போட்டார்கள். அப்போதும் வரவில்லை. புள்ளைக்கு உடம்பு வைத்திருக்கிறது, மாஷா அல்லாஹ் என்று பெரியம்மா சந்தோஷப்பட்டார். கடைசியில் தன் வளையலையே கழற்றி உன் கையில் மாட்டி, திரைக்கு வெளியே நீட்டச் சொன்னார்.

டாக்டர் உன் நாடியைப் பிடித்துப் பார்த்து, பேஷாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வாரமே மதினிக்கு வலிப்பு வந்தது. அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று.

இதை என்னிடம் சொல்லும்போது உன் கை உன் மடியிலேயே இருந்தது. அது வேறு யாருடையதோ என்பது போல அதைப் பார்த்துக்கொண்டு பேசினாய். "ஆம்பள டாக்டர்னா திரைக்கு அந்தப் பக்கந்தானே நிப்பாரு. பொம்பள டாக்டர் இருந்தா திரையே வேணாம்ல?"

அவ்வளவுதான் உன் கணக்கு. இதைவிட எளிமையான கணக்கை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் நடத்தவில்லை.

அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். அதே டாக்டர், அதே நாற்காலி. நான் ஜியாமெட்ரிப் புத்தகத்தோடு உன் பக்கத்தில் நின்றேன். பெரியம்மாவின் கையைப் பார்த்து முடித்து அவர் எழுந்திருக்கும் நேரத்தில், திரைக்குப் பின்னாலிருந்து நீ பேசினாய். நீ திரைக்குள் போன பிறகு அந்நிய ஆண் காதில் உன் குரல் விழுந்தது அதுதான் முதல் தடவை. பெரியம்மா படுத்தபடியே உன் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டர், போன வருஷம் நீங்க நாடி பாத்தது என் கை. எங்க மதினி கை இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது, உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கால் வீங்கியிருந்ததா என்று கேட்டார்.

"தெரியாதுங்க. வளையல் கழல மாட்டேன்னுச்சு."

"அதாம்மா. அதேதான். அந்த வீக்கந்தான் வலிப்புக்கு முன்னால வர்றது." அப்புறம், தனக்குத்தானே சொல்வது போல, "நான் கேட்டிருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நீ பார்த்துப் பதில் சொல்வாய். கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திப் பிடி, எடுத்த பிறகு குழி நிற்கிறதா சொல். இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா சொல். தெருவில் உள்ள மற்ற முஸ்லிம் வீட்டுப் பெண்களும் உன்னிடம் வர ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒருநாள் பெரியத்தாவிடம், இந்தப் புள்ளையை மெட்ராஸுக்கு அனுப்புங்க ராவுத்தரே, பரீட்சைக்கு வேண்டிய ஏற்பாட்டை நான் தலைமையாசிரியரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பெரியத்தா கண் கலங்கிவிட்டார். சொன்னது என்னவோ அதே சொல்தான். அவன் வரட்டும்.

சண்டை முடிந்தது. உன் அத்தா வந்த அன்று அவரை முதலில் பார்த்தது என் அப்பா. மெட்ராஸ் வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு, எலும்பும் தோலுமாக இறங்கியவரை அடையாளமே தெரியவில்லையாம். செய்தி கேட்டு நான் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். மூச்சு வாங்கச் சொன்னேன். நீ திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அத்தா வந்துவிட்டார் என்பதோடு, பதில் வந்துவிட்டது என்பதும் உன் முகத்தில் இருந்தது.

பெரியத்தா சொன்ன சொல் தவறவில்லை. தம்பி கொஞ்சம் தேறியதும் அவரே உனக்காக வாதாடினார். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். உன் அத்தா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் வாக்குக் குடுத்துட்டேண்ணே" என்றார். ஜப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டு போயிருக்கிறான். காய்ச்சலில் கிடந்தவரை எல்லோரும் கைவிட்டபோது, லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் தன் பங்குக் கஞ்சியை ஊட்டிப் பிழைக்க வைத்தார். உயிரோடு ஊர் திரும்பினால் என் மகள் உன் மகனுக்கு என்று உன் அத்தா அங்கேயே கையடித்துச் சொல்லிவிட்டார்.

பெரியத்தா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். மறுநாள் நான் வந்தபோது நீ பாடப் புத்தகங்களைக் கட்டி வைத்திருந்தாய். "வரட்டும் வரட்டும்னு இருந்தோம்ல புள்ள. வந்துட்டாரு" என்றாய். ஸ்டேஷனில் ஒரு வண்டி ஊதியது. எந்த வண்டி என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ட்ரெய்னிங் முடித்து எனக்குப் பெரம்பலூரில் வேலை கிடைத்ததும், முதல் விடுமுறையில் பஸ் பிடித்து லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்தேன். அங்கும் ஒரு திரை. உன் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாவப் பாக்க வந்தீங்களா? உள்ள இருக்காங்க. மருமவ எங்க வூட்ல வளையல் கடை வச்சிருக்கா" என்றார். அந்தக் கேலி எனக்கு உள்ளே வந்த பிறகுதான் விளங்கியது. பிள்ளையுண்டான இரண்டு பெண்கள் உன் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நீ அவர்கள் கையில் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாய்: "காலைல எந்திரிச்சதும் இதச் சுத்திப் பாக்கணும். சுத்துச்சுன்னா சோலியப் பாருங்க. சுத்தலன்னா எனக்கு ஆள் அனுப்புங்க."

நீ வெளியே போக முடியாது. அவர்களும் நினைத்த நேரத்தில் வர முடியாது. ஒரு வார்த்தை வெளியே போகலாம் அல்லவா? தெருத் தெருவாக, வீடு வீடாக, உனக்கு ஒரு சேதி வந்து சேரும்: இன்னார் மகளுக்கு வளையல் சுத்தலையாம். உடனே நீ உன் மாமனாரிடம் சொல்லி வண்டி பூட்ட வைத்து, அந்தப் பெண்ணைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாய். மகனின் கல்யாணத்துக்குக் காரணமான அந்தக் கஞ்சிக்காரர் உன் பேச்சைத் தட்டியதில்லை. என் பங்குக்கு நானும், பெரிய வகுப்புப் பெண்களுக்கு இந்த வளையல் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தேன், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரையில்.

அன்று சாப்பிடும்போது, அத்தா மேல் கோபமா என்று மெதுவாகக் கேட்டேன். நீ எனக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாய். அகப்பையை அப்படியே நிறுத்திக்கொண்டாய். "கோவம் என்ன கோவம். ஒரு வாய்க் கஞ்சிக்கு ஒரு டாக்டரக் குடுத்துட்டு வந்தாரு. உசுராச்சே, வேற எதக் குடுப்பாரு?" என்றாய். பிறகு மீதிச் சோற்றையும் என் தட்டிலேயே கொட்டினாய். அந்தச் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை. நீ விடவும் இல்லை.

நேற்று அந்த நர்ஸ் பெண் கடைசியில் வெட்டும் கருவி கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வளையலை விட்டுவிடு, முதலில் காலைப் பார் என்றேன். புரியாமல் விழித்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. போன வாரம் வரை இந்த வளையல் சுற்றியது, இப்போது சுற்றவில்லை, இதை டாக்டரிடம் சொல் என்றேன். அவள் என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு பாட்டி சொல்லிக் குடுத்தது?"

"எனக்கு ஒரு டாக்டரம்மா இருந்தாங்க."

"அப்படியா? எந்த ஆஸ்பத்திரில இருந்தாங்க?"

"வீட்டுலதாம்மா இருந்தாங்க," என்றேன். "கடைசி வரைக்கும்."